4 வோல்ட் காட்டும் ஜெனரேட்டர்: வெட்டுளியைக் கொஞ்சம் கீழே வையுங்கள்

கேள்வி: என்னிடம் 2.5 கே.வி.ஏ. பெட்ரோல் ஜெனரேட்டர் ஒன்று இருக்கிறது. இஞ்சின் நன்றாக ஓடுகிறது, ஆனால் பல்பு எரிவதில்லை. மல்டிமீட்டரில் 4 வோல்ட் மட்டும் காட்டுகிறது. பின்மூடியைக் கழற்றிப் பார்த்தேன். கார்பன் பிரஷ் எதுவும் இல்லை, இரண்டு ஒயர் போகும் வெள்ளை உருளை ஒன்று இருக்கிறது. இஞ்சின் மெக்கானிக் ஒருவர், "காயில் போச்சு, வைண்டிங் பண்ணணும்" என்றார். நானே செய்யலாம் என்று பழைய காயிலை வெட்டத் தயாராக இருக்கிறேன். எந்த கேஜ் கம்பி, எத்தனை சுற்று? ஷாக், தீ என்று ஆபத்து வராமல் எப்படிச் செய்வது?

பதில்:

நண்பருக்கு,

நல்லவேளை, வெட்டுவதற்கு முன்னால் எழுதினீர்கள். வெட்டிய பிறகு எழுதுகிறவர்கள்தான் எனக்கு அதிகம்.

உங்கள் கடிதத்தில் எனக்குப் பிடித்தது அந்த 4 வோல்ட். பலரும் 'கரண்ட் வரவில்லை' என்று எழுதுவதோடு நிறுத்திவிடுவார்கள். சுத்தமாக வராததும் 4 வோல்ட் வருவதும் ஒன்றல்ல. ஜெனரேட்டர் கடைசியாக ஓடியபோது, உள்ளே சுற்றும் பாகமான ரோட்டரின் இரும்பில் ஏறிய காந்தத்தில் கொஞ்சம் அங்கேயே தங்கிவிடும். அந்த மிச்சக் காந்தம் சுற்றும்போது, சாக்கெட்டுக்குக் கரண்ட் தரும் மெயின் காயிலில் சில வோல்ட் பிறக்கும். அது உங்கள் மீட்டர்வரை வந்து சேர்கிறது என்றால் மெயின் காயில் எங்கும் அறுந்துபோகவில்லை. பிரேக்கரும் சாக்கெட்டும் இணைப்பில் இருக்கின்றன. மிச்சக் காந்தமும் இருக்கிறது. ஆகவே பேட்டரி வைத்துக் காந்தம் ஏற்றச் சொல்லி யாராவது வந்தால், இப்போதைக்கு வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

நடக்காமல் இருப்பது ஒன்றுதான். அந்தச் சின்னக் காந்தம் தன்னைத்தானே வளர்த்துக்கொள்ளவில்லை. மிச்சக் காந்தத்தை வைத்தே இயந்திரம் தன் காந்தத்தைப் பெருக்கிக்கொள்ளும் இந்த வித்தையை 1867-இல் ஜெர்மனியின் வெர்னர் ஃபான் சீமென்ஸும் இங்கிலாந்தின் சார்லஸ் வீட்ஸ்டனும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் அறிவித்தார்கள். உங்கள் மாடலில் அந்த வேலையைச் செய்வது நீங்கள் பார்த்த வெள்ளை உருளை. அது கெப்பாசிட்டர், மின்சாரத்தைத் தேக்கிவைத்துத் திருப்பித் தரும் பொருள். ரோட்டரைச் சுற்றி அசையாமல் நிற்கும் ஸ்டேட்டரில் மெயின் காயில் தவிர இன்னொரு காயில் இருக்கும், அதன் இரண்டு முனைகளும் கெப்பாசிட்டருக்கே போகும். அங்கே ஓடும் கரண்ட் ரோட்டர் காயிலில் மின்னழுத்தத்தைத் தூண்டும். ரோட்டரில் இருக்கும் டையோடு அதை ஒரே திசையில் ஓடவிட்டு ரோட்டரை மேலும் காந்தமாக்கும். இந்தச் சங்கிலியில் எந்தக் கண்ணி விட்டாலும் 4 வோல்ட்டோடு நின்றுவிடும்.

காயில் உள்ளே ஷார்ட் ஆகியிருந்தாலும் வோல்டேஜ் ஏறாது, அது உண்மை. அப்படி இருந்தால் பெரும்பாலும் இஞ்சின் பாரம் இழுப்பதுபோல் முனகும், சற்று நேரத்தில் பின்பக்கமிருந்து கருகல் வாசனை வரும். முனகவில்லை என்பதற்காகக் காயில் நன்றாக இருக்கிறது என்று முடிவுகட்டிவிடவும் முடியாது. மூடியைக் கழற்றியபோது காயில் தேன் நிறத்தில் பளபளப்பாக இருந்ததா, ஒரு பக்கம் மட்டும் கறுத்திருந்ததா? அதை நீங்கள் எழுதவில்லை.

அதனால் முதலில் கெப்பாசிட்டரைப் பாருங்கள். இஞ்சினை நிறுத்தி, ஆறவிட்டு, ஸ்பார்க் பிளக்கின் கேப்பைக் கழற்றி ஒதுக்கிவையுங்கள். இது சும்மா ஒப்புக்குச் சொல்வதில்லை. ரோட்டரைக் கையால் திருப்பும்போது சூடான இஞ்சின் ஒருமுறை உதறினால் விரல் நசுங்கும். பெட்ரோல் வால்வையும் மூடுங்கள். செல்ஃப் ஸ்டார்ட் இருந்தால் பேட்டரியின் நெகட்டிவ் ஒயரைக் கழற்றுங்கள். அப்புறம் கெப்பாசிட்டர். இஞ்சின் நின்ற பிறகும் அதில் மின்சாரம் தேங்கியிருக்கலாம். பழைய 230 வோல்ட் குண்டு பல்பு ஒன்றின் ஹோல்டர் ஒயர்களை அதன் முனைகளில் சில விநாடி வைத்தால் இறங்கிவிடும். ஸ்க்ரூ டிரைவரால் ஷார்ட் செய்கிற பழக்கம் வேண்டாம். தீப்பொறி தெறிக்கும், பக்கத்தில் பெட்ரோல் டேங்க் இருக்கிறது.

இறக்கிய பிறகு ஒயரைக் கழற்றி, மீட்டரின் கெப்பாசிட்டர் அளவில் வைத்துப் பாருங்கள். உருளையின் மேல் எத்தனை மைக்ரோஃபாரட் என்று அச்சடித்திருக்கும். அதிலிருந்து பத்தில் ஒரு பங்குக்கு மேல் குறைந்திருந்தால் மாற்றுங்கள். அதே மைக்ரோஃபாரட், அதே அல்லது கூடுதல் ஏ.சி. வோல்ட், தொடர்ந்து ஓடும் வகை. மோட்டார் ஸ்டார்ட் ஆவதற்கு மட்டும் பயன்படும் கறுப்பு உருளை இங்கே ஆகாது, வெடித்துவிடும். 'கொஞ்சம் பெரிதாகப் போட்டால் வோல்டேஜ் கூடுமே' என்று சிலர் செய்வார்கள். கூடும்தான். காயிலும் சூடாகும்.

அடுத்தது டையோடு. ஒரு சின்ன விஷயம் தெரியாமல் பலர் ஏமாறும் இடம் இது. ரோட்டரில் எதிரெதிராக இரண்டு காயில், ஒவ்வொன்றின் முனைகளிலும் ஒரு டையோடு ஈயம் வைத்து இணைத்திருப்பார்கள். சில மாடல்களில் பக்கத்திலேயே வேரிஸ்டர் என்ற தட்டையான வில்லையும் இருக்கும். டையோடை அப்படியே வைத்து மீட்டரால் அளந்தால், அதற்குக் குறுக்கே இருக்கும் காயில்தான் மீட்டருக்குத் தெரியும். இரண்டு பக்கமும் கிட்டத்தட்ட பூஜ்யம் காட்டும், நல்ல டையோடும் கெட்டதாகத் தோன்றும். டையோடின் இரண்டு கம்பிக் கால்களில் ஒன்றையாவது ஈயத்தை உருக்கி விலக்கிவிட்டு அளக்க வேண்டும். மீட்டரின் டையோடு அளவில் ஒரு திசையில் 0.5 முதல் 0.7 வரை காட்டி, மறு திசையில் ஒன்றும் காட்டாமல் இருந்தால் அது நல்லது. இரண்டு திசையிலும் பூஜ்யம் என்றால் ஷார்ட், இரண்டிலும் ஒன்றுமில்லை என்றால் உள்ளே அறுந்துவிட்டது. கால் விலகியிருக்கும்போதே இரண்டு ரோட்டர் காயில்களின் ஓம் அளவையும் எடுத்துவிடுங்கள். இரண்டும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். டையோடின் வளையக் கோடு எந்தப் பக்கம் இருந்தது என்று கழற்றுவதற்கு முன்பே படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

இதை இவ்வளவு நீட்டிச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. தொழில் கற்றுக்கொண்ட நாட்களில் இதேபோல் 4 வோல்ட் காட்டிய ஒரு ஸ்டேட்டரை, மேஸ்திரி வெளியூர் போயிருந்த நேரத்தில், நானே துணிந்து வெட்டினேன். இரண்டு நாள் குனிந்த தலை நிமிராமல் சுற்றினேன், வார்னிஷ் ஊற்றிக் காயவைத்தேன். பூட்டி ஓடவிட்டால் அதே 4 வோல்ட். மேஸ்திரி வந்து பார்த்தார், திட்டவில்லை. "டையோட கழட்டிப் பாத்தியா?" என்று மட்டும் கேட்டார். வெட்டி எறிந்த நல்ல காயில் மூலையில் கிடந்தது. அது இன்றைக்கும் என் கண்ணில் நிற்கிறது.

கெப்பாசிட்டர் காயில் அறுபடாமல் முனைக்கு முனை தொடர்ச்சியாக இருக்கிறதா என்று மீட்டரால் பாருங்கள். பின்பக்கம் ஒயர் முனைகள் எங்காவது பச்சை பூத்து விட்டுப்போயிருக்கிறதா என்றும் பாருங்கள். வேகத்தையும் ஒரு பார்வை. இரண்டு துருவ ஜெனரேட்டர் 50 ஹெர்ட்ஸுக்கு நிமிடத்துக்கு 3000 சுற்று, 60 ஹெர்ட்ஸுக்கு 3600 சுற்று ஓட வேண்டும். இஞ்சின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னரின் ஸ்ப்ரிங் தளர்ந்து வேகம் குறைந்தாலும் காந்தம் வளராமல் நிற்கும். அதற்காக ஸ்ப்ரிங்கை இழுத்துவிட்டு, வேகத்தை ஏற்றி வோல்டேஜ் வாங்கப் பார்க்காதீர்கள். இஞ்சினும் போகும், நீங்கள் மாட்டுகிற சாமானும் போகும்.

சரி, எல்லாம் பார்த்தாகிவிட்டது, காயில்தான் கருகியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 'எந்த கேஜ், எத்தனை சுற்று' என்று கேட்டீர்களே, அதைக் கடிதத்தில் யாராலும் சொல்ல முடியாது. 2.5 கே.வி.ஏ. என்று எழுதியிருக்கும் இரண்டு ஜெனரேட்டர்களில் ஸ்லாட் (காயில் உட்காரும் பள்ளம்) எண்ணிக்கை, இரும்பின் நீளம், சுற்று எல்லாமே வேறாக இருக்கும். பதில் உங்கள் பழைய காயிலில்தான் இருக்கிறது. வெட்டுவதற்கு முன்னும் வெட்டும்போதும் நீங்கள் எடுக்கிற குறிப்புதான் பாதி வைண்டிங். புதிதாகச் சுற்றுவது பொறுமை இருந்தால் யாருக்கும் வரும். குறிப்பில் ஒன்று தவறினால் பொறுமையால் அதை ஈடுகட்ட முடியாது.

ஸ்டேட்டரைக் கழற்ற ரோட்டரை எடுக்க வேண்டியதில்லை. பின்மூடியை விலக்கி நான்கு நீள போல்ட்டுகளை எடுத்தால், பல மாடல்களில் ஸ்டேட்டர் ரோட்டரின் மேலேயே நழுவி வந்துவிடும். ரோட்டர் இஞ்சினிலேயே இருக்கட்டும், தூசி படாமல் துணி சுற்றிவையுங்கள். ஸ்டேட்டரில் ஒரு ஸ்லாட்டுக்கு மையப் பஞ்சால் அடையாளம் குத்தி அதை 1 என்று வையுங்கள். எந்த ஒயர் எந்த ஸ்லாட்டிலிருந்து, எந்தப் பக்கமாக வெளியே வருகிறது என்று காகிதத்தில் வரையுங்கள். கைப்பேசியில் படமும் எடுங்கள், ஆனால் படத்தை மட்டும் நம்பாதீர்கள். கறுத்த காயிலில் படம் ஒன்றும் சொல்லாது.

இந்த வகை ஸ்டேட்டரில் காயில்கள் ஒன்றுக்குள் ஒன்றாக உட்கார்ந்திருக்கும். 24 ஸ்லாட் என்றால் 1-க்கும் 12-க்கும் ஒன்று, அதற்குள் 2-க்கும் 11-க்கும் ஒன்று, 3-க்கும் 10-க்கும் ஒன்று, இப்படி. கவனிக்க வேண்டியது, எல்லாவற்றிலும் சுற்று ஒன்றாக இருக்காது. அகலமான வெளிக் காயிலில் அதிகமாகவும், உள்ளே போகப் போகக் குறைவாகவும் இருப்பது வழக்கம். அலை சீராக வர வேண்டும் என்பதற்காகச் செய்த ஏற்பாடு அது. மொத்தச் சுற்றை எண்ணி எல்லாவற்றுக்கும் சமமாகப் பங்கிட்டால் வோல்டேஜ் வரும், ஆனால் அலை கெட்டுவிடும். மின்னணுச் சாமான்கள் அதில் அவதிப்படும்.

எண்ணுவது இப்படி. ஒயர் இணைப்புகள் இல்லாத பக்கத்தில், காயிலின் தலையை இரும்புக்கு ஒட்டி, கூரான வெட்டுளியால் அறுத்துவிடுங்கள். வெட்டிய முகத்தைத் துடைத்தால் ஒவ்வொரு ஸ்லாட்டிலும் செம்புப் புள்ளிகள் அடுக்கடுக்காகத் தெரியும். தையல் ஊசியால் பத்துப் பத்தாகப் பிரித்து எண்ணுங்கள். எதிர்த் துருவத்தில் அதே இடத்தில் இருக்கும் காயிலையும் எண்ணி ஒப்பிடுங்கள், இரண்டும் ஒத்துப்போக வேண்டும். இன்னொரு பொறி: இரண்டு கம்பியைச் சேர்த்துப் பிடித்துச் சுற்றியிருந்தால் நீங்கள் எண்ணியது இரண்டு மடங்கு. வெளியே வரும் ஒயரோடு காயில் முனை சேரும் இடத்தைப் பிரித்துப் பாருங்கள், அங்கே எத்தனை கம்பி இருக்கிறது என்று தெரிந்துவிடும். மொத்தம் 160 சுற்றுக்கு 230 வோல்ட் வந்த இடத்தில் 150 சுற்றினால் ஏறத்தாழ 215-தான் வரும்.

கேஜ் பார்க்கும்போது எனாமலோடு அளக்காதீர்கள். லைட்டர் தீயில் காட்டித் துடைத்துவிட்டு, இழுபடாத நேரான துண்டில், மைக்ரோமீட்டரால் அளக்க வேண்டும். 19 கேஜ் கம்பி 1.016 மில்லிமீட்டர், 20 கேஜ் 0.914. பார்வைக்கு வித்தியாசமே தெரியாது. ஆனால் 19-க்குப் பதில் 20 போட்டால் குறுக்குவெட்டில் ஐந்தில் ஒரு பங்கு போய்விடும், அதே லோடில் காயில் கொதிக்கும். சுரண்டிப் பார்க்கவும் மறக்காதீர்கள். செம்பு நிற எனாமலுக்கு அடியில் வெள்ளையாக அலுமினியம் இருக்கும் ஜெனரேட்டர்கள் ஏராளம். அலுமினியத்துக்குப் பதில் செம்பு போடலாம், சுற்று எண்ணிக்கை மாறக் கூடாது. செம்புக்குப் பதில் அதே தடிமனில் அலுமினியம் போடவே கூடாது, அதன் மின்தடை ஒன்றரை மடங்குக்கும் மேல்.

பழைய கம்பியை எடுக்க ஸ்டேட்டரைத் தீயில் போட்டுக் கொளுத்துகிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு இதைக் கண்டாலே ஆகாது. ஸ்டேட்டர் இரும்பு ஒரே கட்டியில்லை, மெல்லிய தகடுகளின் அடுக்கு. தகட்டுக்குத் தகடு மெல்லிய மின்காப்புப் பூச்சு உண்டு. அது வெந்துபோனால் அப்புறம் எவ்வளவு அழகாகச் சுற்றினாலும், லோடு இல்லாமலே இரும்பு சூடாகும். எனாமல் புகை நெஞ்சுக்கும் கேடு. ஒரு பக்கம் வெட்டியாகிவிட்டது அல்லவா, ஸ்லாட் வாயை மூடியிருக்கும் ஆப்பைத் தட்டி எடுத்துவிட்டு மறுபக்கத்திலிருந்து குறடால் இழுத்தால் கொத்தாக வரும். கண்ணுக்குக் கண்ணாடி, கைக்கு உறை போட்டுக்கொள்ளுங்கள்.

ஸ்லாட்டுக்குள் வைக்கும் புது மின்காப்புக் காகிதம் இரண்டு பக்கமும் சில மில்லிமீட்டர் வெளியே நிற்கட்டும். காயில் பாடியில் ஷார்ட் ஆவது பெரும்பாலும் அந்த விளிம்பில்தான். கம்பியை நாலைந்தாக உள்ளே இறக்குங்கள். இரும்பு ஸ்க்ரூ டிரைவரால் குத்தித் தள்ளாதீர்கள், மூங்கில் சீவல் போதும். மெயின் காயிலுக்கும் கெப்பாசிட்டர் காயிலுக்கும் நடுவே அதே காகிதம் வையுங்கள். நூலால் இறுகக் கட்டுங்கள்.

வார்னிஷ் ஊற்றுவதற்கு முன் சோதனை. ஊற்றிய பிறகு தப்பைக் கண்டுபிடித்தால் மறுபடி வெட்டுளிதான். மெயின் காயிலில் ஒரு சின்ன பேட்டரியைக் கணநேரம் கொடுத்து, உள்ளே திசைகாட்டியை நகர்த்துங்கள். எதிரெதிர்த் துருவங்களில் முள் மாறி நிற்க வேண்டும். மாறவில்லை என்றால் ஒரு பாதியைத் தலைகீழாக இணைத்திருக்கிறீர்கள். அடுத்து 500 வோல்ட் மெக்கர், அதாவது மின்காப்பைச் சோதிக்கும் மீட்டர். மெயினுக்கும் பாடிக்கும், கெப்பாசிட்டர் காயிலுக்கும் பாடிக்கும், இரண்டு காயில்களுக்கு நடுவிலும் வைத்துப் பாருங்கள். 5 மெகா ஓமுக்குக் கீழே இருந்தால் நான் ஓடவிட மாட்டேன். புதுக் காயில் அதைவிடப் பல மடங்கு காட்ட வேண்டும். மல்டிமீட்டரின் ஓம் அளவு இதற்குப் போதாது, அது சில வோல்ட்டில்தான் சோதிக்கிறது. மெக்கர் வைக்கும்போது கெப்பாசிட்டரைக் கழற்றியிருக்க வேண்டும். அதன் பிறகு வார்னிஷ், டப்பாவில் போட்டிருக்கும் சூட்டிலும் நேரத்திலும் காயவையுங்கள். சமைக்கிற அடுப்பில் வேண்டாம்.

ரோட்டர் காயில் எரிந்திருந்தால்? அதை நீங்கள் சுற்ற வேண்டாம். அச்சிலிருந்து 6 சென்டிமீட்டர் தள்ளி இருக்கும் கம்பி, 3000 சுற்று வேகத்தில் தன் எடையைப்போல் 600 மடங்கு விசையோடு வெளியே பாய முயலும். 100 கிராம் கம்பியை 60 கிலோ இழுப்பதற்குச் சமம். கட்டு தளர்ந்தால் ஒரே நொடியில் ஸ்டேட்டரைக் கிழித்துவிடும். பேலன்ஸ் மெஷின் உள்ள பட்டறைக்கு அனுப்புங்கள். டையோடு மாற்றும்போதும் இதை நினைவில் வையுங்கள். ஈயத்தை மட்டும் நம்பாமல், டையோடின் காலை முனையில் முறுக்கிச் சுற்றிவிட்டு ஈயம் வைத்து, நூலால் கட்டி வார்னிஷ் தொட்டுவிடுங்கள்.

காயில் ஏன் எரிந்தது என்று தெரியாமல் பூட்டாதீர்கள். காற்று போகும் ஜன்னலில் எலிக்கூடு, பேரிங் தேய்ந்து ரோட்டர் ஸ்டேட்டரில் உரசிய பளபளப்பான தடம், அளவுக்கு மீறிய லோடு, ஏதாவது ஒன்று இருக்கும்.

முதல் ஓட்டம் திறந்த வெளியில். கதவைத் திறந்துவைத்த ஷெட் திறந்த வெளி ஆகாது. இஞ்சின் புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடு என்ற விஷவாயுவுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. தலை கிறுகிறுக்கும்போது எழுந்து நடக்கக்கூட முடியாமல் போகலாம். லோடு இல்லாமல் ஓடவிட்டு வோல்டேஜையும் ஹெர்ட்ஸையும் பாருங்கள். வோல்டேஜ் எகிறினால் உடனே நிறுத்துங்கள். சரியாக இருந்தால் குண்டு பல்புகள் அல்லது ஹீட்டர் மாட்டி, கால் லோடு, அரை லோடு என்று ஏற்றுங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் பத்து நிமிடம் விட்டு, நிறுத்தி, முகர்ந்து பாருங்கள். புது வார்னிஷ் லேசாக மணக்கும், அது பரவாயில்லை. கருகல் வேறு மாதிரி இருக்கும், மூக்குக்குத் தெரியும்.

வீட்டுச் சாக்கெட்டில் ஜெனரேட்டரைச் செருகி வீடு முழுக்க கரண்ட் கொடுத்துச் சோதிக்கும் யோசனை இருந்தால் விட்டுவிடுங்கள். வெளி லைனையும் ஜெனரேட்டரையும் ஒன்றோடொன்று சேரவிடாத சேஞ்ச் ஓவர் ஸ்விட்ச் இல்லாமல் அப்படிச் செய்தால் உங்கள் 230 வோல்ட் வெளி லைனுக்குப் போய், தெரு டிரான்ஸ்ஃபார்மரில் தலைகீழாக ஏறி, ஆயிரக்கணக்கான வோல்ட்டாக மாறும். லைன் செத்துவிட்டது என்று நம்பிக் கம்பத்தில் ஏறியிருப்பவர் கையில் அது பாயும்.

இந்த வாரம் வெட்டுளிக்கு வேலை வேண்டாம். கெப்பாசிட்டரில் அச்சடித்த அளவு, மீட்டர் காட்டிய அளவு, இரண்டு டையோடும் இரண்டு திசையில் காட்டியது, காயிலின் நிறம், இந்த நான்கையும் எழுதி அனுப்புங்கள். அதற்குப் பிறகும் சுற்ற வேண்டியிருந்தால் ஸ்லாட் படத்தோடு பேசுவோம்.